சிக்கலுக்குப் போன லினக்ஸ்

என் அண்ணன் சுஐபின் மனைவி பெயர் காலிதா. அண்ணன் மனைவியை எங்கள் பக்கத்தில் மச்சி என்று கூப்பிடுவோம். கீழக்கரையில் கல்யாணமானதும் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போவார். அதனால் மச்சி பிறந்த வீட்டிலேயே இருக்கிறாள். எங்கள் வீட்டிலிருந்து கூப்பிடு தூரம். அண்ணன் தம்மாமில் ஏசி மெக்கானிக். மச்சி அந்த வீட்டு முன்னறையில் இரண்டு கம்ப்யூட்டரும் ஒரு பிரிண்டரும் வைத்து ஒரு சென்டர் நடத்துகிறாள். தெருப் பெண்களுக்கு ஆன்லைனில் விண்ணப்பிக்க உதவுவாள், பிள்ளைகளுக்குத் தட்டச்சு சொல்லிக்கொடுப்பாள். நான் தொடக்கப்பள்ளி ஆசிரியை. பள்ளி விட்டதும் வீட்டுக்குப் போவதற்கு முன் அங்கே போய்க் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு வருவது என் வழக்கம்.

மச்சிக்குப் பொறுமை என்பதே கிடையாது. கேஸ் சிலிண்டர் ஒரு நாள் தாமதமானால் கொண்டுவருபவரை வாசலில் நிறுத்திவைத்துக் கேள்வி கேட்பாள். அண்ணன் போனில் ஒரே விஷயத்தை இரண்டு தரம் சொன்னால், “அதான் சொல்லியாச்சே” என்று வெட்டிவிடுவாள். ஆனால் கம்ப்யூட்டரைத் தொட்டே பார்க்காத ஒருவர் அதன் முன்னால் வந்து உட்கார்ந்துவிட்டால் அவள் வேறு ஆளாகிவிடுவாள். ஒரே கேள்வியை ஏழு தரம் கேட்டாலும் முதல் தரம் கேட்டதுபோலவே பதில் சொல்லுவாள்.

அதற்குக் காரணம் உண்டு. கல்யாணமான புதிதில் அண்ணன் வாங்கிக்கொடுத்த லேப்டாப் வைரஸ் புகுந்து படுத்துவிட்டது. விண்டோஸை மறுபடி விலைகொடுத்து வாங்கிப் போட மனமில்லாமல், போனில் தேடித் தேடி, லினக்ஸ் என்று ஒன்று இருப்பதையும் அதை யாரும் காசில்லாமல் எடுத்துப் போட்டுக்கொள்ளலாம் என்பதையும் அவளாகக் கண்டுபிடித்தாள். கண்டுபிடித்தாளே தவிர, போடத் தெரியவில்லை. இணையத்தில் தமிழில் பேசிக்கொள்ளும் ஒரு குழுவில் கேட்டிருக்கிறாள். குருநாதன் என்ற பெயரில் ஒருவர் பதில் எழுதினார். எந்த ஊர், என்ன வயது, எதுவும் தெரியாது. இவள் கேட்ட விவரமில்லாத கேள்விகளுக்கெல்லாம் வாரக்கணக்கில் அவர் பதில் எழுதிக்கொண்டே இருந்தார். “அந்த மனுசரு ஒரு தடவ சலிச்சிருந்தாக்கூட நான் மூடி வச்சிட்டுப் போயிருப்பேன், மாஷிதா” என்று மச்சி என்னிடம் சொல்லியிருக்கிறாள்.

அதன் பிறகு சென்டர் வாசலில் ஒரு பலகை மாட்டினாள். ‘பழைய கம்ப்யூட்டரைத் தூக்கிப் போட வேண்டாம். உள்ளே வந்து கேளுங்கள்.’ மெதுவாக ஆட்கள் வந்தார்கள். டியூஷன் எடுக்கும் ஒரு அக்கா வந்தார். பள்ளிவாசல் அலுவலகத்துப் பழைய பெட்டி வந்தது. பையன் விளையாடும் கேம் இதில் ஓடவில்லை என்று ஒருவர் சண்டை போட்டுவிட்டு விண்டோஸுக்கே திரும்பினார். மச்சி அவருக்கு அதையும் ஒழுங்காகப் போட்டுக்கொடுத்துதான் அனுப்பினாள்.

ஏர்வாடிக்கு அப்பால் இருக்கும் சிக்கல் என்ற ஊரிலிருந்து சோணைமுத்து வந்தது போன வருஷம் மாசி மாதம், மிளகாய்ப் பழம் எடுக்கும் காலம். உயரமான, ஒடிசலான மனிதர். அறுபதை நெருங்கும் வயது. பல வருஷம் டிராக்டர் ஓட்டிவிட்டு இப்போது சொந்தக் காட்டில் குண்டு மிளகாய் போடுகிறவர். மஞ்சள் பைக்குள்ளிருந்து ஒரு லேப்டாப்பை எடுத்து மேஜைமேல் வைத்தார். பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது அவர் மகள் கவிப்ரியாவுக்கு அரசாங்கம் கொடுத்தது. மகள் இப்போது ஓசூரில் வேலையில் இருக்கிறாளாம். கடைவீதியில் ஒரு ரிப்பேர் கடையில் காட்டியிருக்கிறார். இனி இது தேறாது என்று சொல்லிவிட்டார்கள். பேருந்து நிலையத்துக்குத் திரும்பும் வழியில் பலகையைப் பார்த்து உள்ளே வந்தார்.

“அதுல புள்ள போட்டோவெல்லாம் கெடக்கு. பெருசாப் பாக்கணும்” என்றார்.

பேட்டரி செத்துப்போயிருந்தது. சார்ஜரை வீட்டிலேயே விட்டுவிட்டு வந்திருந்தார். எங்களிடம் இருந்த சார்ஜர் எதுவும் அதில் பொருந்தவில்லை. மறுபடி ஒரு நாள் வரச் சொல்லலாம். ஆனால் பழம் பறிக்கிற நேரத்தில் இன்னொரு நாள் காட்டை விட்டு வர அவரால் முடியாது. மச்சி ஒரு பென்டிரைவில் லினக்ஸை ஏற்றிக் கையில் கொடுத்தாள். அதைச் செருகி எப்படி ஆரம்பிக்க வேண்டும், எதை அமுக்க வேண்டும், எதை அமுக்கக் கூடாது, வேலை நடக்கும்போது கரண்ட் போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று எல்லாவற்றையும் நிதானமாக விளக்கினாள். அவர் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். மச்சியின் நம்பரை வாங்கிக்கொண்டு, தன் நம்பரையும் கொடுத்துவிட்டு, பஸ்ஸைப் பிடிக்கப் போய்விட்டார்.

இரண்டு நாள் கழித்து மச்சி அவருக்குப் போன் போட்டாள். நான் பக்கத்தில் இருந்தேன். ஸ்பீக்கரில் வைத்திருந்தாள்.

“அண்ணே, பென்டிரைவச் செருகிட்டீங்களா?”

“நல்லாருக்கேன் தங்கச்சி. நீங்க நல்லாருக்கீகளா?”

“ஆன் பண்ணுனா என்ன வருது?”

“ஆமாமா, இங்கன மழை இல்ல.”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மச்சி சிரிக்கவில்லை. போனை வைத்தாள். “அவருக்குக் காது கேக்கல. அன்னைக்கு நான் அம்புட்டு நேரம் சொன்னதுல ஒண்ணுகூட விழுந்திருக்காது. சொல்ல வெட்கப்பட்டுக்கிட்டுத் தலைய ஆட்டியிருக்காரு” என்றாள்.

பிறகு போனை எடுத்து அவருக்கு ஒரு செய்தி எழுதினாள். எழுதியதை எட்டிப் பார்த்தேன். ‘அண்ணே, சென்டரில் பிள்ளைகள் சத்தம். நீங்கள் பேசுவது எனக்குச் சரியாகக் கேட்கவில்லை. அதனால் நான் எழுதியே அனுப்புகிறேன். நீங்கள் பேசிப் பதிவுபண்ணி அனுப்புங்கள், சத்தம் ஓய்ந்ததும் கேட்டுக்கொள்கிறேன்.’ காது கேட்காதது தனக்குத்தான் என்பதுபோல எழுதியிருந்தாள்.

அவருக்கு வாசிப்பதில் ஒரு தடையும் இல்லை. டீக்கடையில் செய்தித்தாளை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை படிக்கிறவர். ஆனால் கை விரல்கள் காய்த்துத் தடித்தவை. போனில் இருக்கும் குட்டி எழுத்துகளைத் தொட்டால் ஒன்றுக்கு மூன்று எழுத்து விழும். பேசி அனுப்பச் சொன்னது அவருக்கு வசதியாகிப்போனது. அன்று முதல் அவர் பேசினார், மச்சி எழுதினாள். நடுவில் திரையைப் போட்டோ எடுத்து அனுப்புவார். பாதிப் படத்தில் அவர் கட்டைவிரல் இருக்கும். மீதியில் வெயில் கண்ணாடிபோல அடிக்கும். மச்சி அதைச் சாய்த்தும் திருப்பியும் பார்த்து, எந்த இடத்தில் நிற்கிறார் என்று கண்டுபிடிப்பாள்.

ஆரம்பமே ஒரு நாள் முழுதும் இழுத்தது. லேப்டாப்பைப் போட்டதும் எஃப் பன்னிரண்டை அமுக்கச் சொன்னால், அவர் எஃப்பைத் தேடி அமுக்கி, ஒன்றை அமுக்கி, பிறகு இரண்டை அமுக்கியிருக்கிறார். மேல்வரிசையில் அது ஒரே பட்டனாக இருக்கும் என்று மச்சி படம் வரைந்து அனுப்பினாள். மறுநாள் லினக்ஸ் திறந்துகொண்டது. பென்டிரைவிலிருந்தே ஓடும், உள்ளே இருப்பதை இன்னும் தொடவில்லை. அதற்குப் பிறகு அம்புக்குறி தொல்லை. “தங்கச்சி, அம்பு ஓடிப்போயிருச்சு. மேக்க போச்சு, காணல” என்று ஒரு பதிவு வந்தது. விரலை எடுக்காமல் மெதுவாகத் தேய்த்து அதைக் கீழே இழுத்துவர மச்சி எழுதிக்கொடுத்தாள்.

எதையும் அழிப்பதற்கு முன்னால் போட்டோக்களை வெளியே எடுத்துவிட வேண்டும் என்பதில் மச்சி கண்டிப்பாக இருந்தாள். ராமநாதபுரம் போகிற யாரிடமாவது சொல்லி இன்னொரு பென்டிரைவ் வாங்க வைத்தாள். படங்களை ஒவ்வொரு கட்டாக அதில் நகல் எடுக்க வைத்து, எடுத்ததைத் திறந்து காட்டச் சொல்லிப் போட்டோவும் வாங்கிக்கொண்டாள். அன்று வந்த பதிவில் அவர் குரலே மாறியிருந்தது. பள்ளி விளையாட்டு விழாவில் மகள் ஓடுகிற படத்தைத் திரை முழுக்கப் பார்த்தாராம். அவள் காலில் செருப்பில்லாமல் ஓடியது இப்போதுதான் தெரிந்ததாம். அதை மட்டும் வெகுநேரம் பேசியிருந்தார்.

அடுத்த வாரம் லினக்ஸை உள்ளே நிறுவுகிற வேலை. திரையில் எல்லாவற்றையும் அழித்துவிட்டு நிறுவவா என்று கேட்கும் இடம் வந்ததும் அவர் நிறுத்திவிட்டார். “அழிச்சா எல்லாம் போயிருமே தங்கச்சி” என்று கேட்டார். படங்கள் பத்திரமாக வெளியே இருக்கின்றன, தைரியமாக அமுக்குங்கள் என்று மச்சி எழுதினாள். அமுக்கினார். வேலை எவ்வளவு முடிந்தது என்று காட்டும் பட்டை மெல்ல நகர ஆரம்பித்ததைப் போட்டோ எடுத்து அனுப்பினார். அதன் பிறகு ஒன்றும் வரவில்லை. மச்சி எழுதிக் கேட்டாள், பதில் இல்லை. மதியத்துக்கு மேல் ஒரு பதிவு வந்தது.

“தங்கச்சி, கரண்டு போயிருச்சு. வந்தப்பறம் போட்டுப் பாத்தா ஒண்ணும் வரல, கருப்பா நிக்கிது. நாந்தான் எதையோ கெடுத்துட்டேன். நீங்க இம்புட்டுச் சொல்லியும் எனக்கு ஏறல. விட்டுருங்க, போதும்.”

பேட்டரி இல்லாத லேப்டாப். பாதி வேலையில் கரண்ட் போனால் அப்படித்தான் நிற்கும். கெட்டுப்போனதாக அர்த்தமில்லை, மறுபடி முதலிலிருந்து போட்டால் சரியாகிவிடும். மச்சி அதை விளக்கி எழுதினாள். அவர் படிக்கவே இல்லை. கரண்ட் விஷயத்தை அன்று வாயால் சொன்னதோடு விட்டுவிட்டோம், மற்றதெல்லாம் எழுதியவள் அதை மட்டும் எழுதாமல் போனேனே என்று அவளுக்குத் தன்மேலேயே ஆத்திரம். மூன்று நாள் போனது. நாலாம் நாள் சனிக்கிழமை, எனக்குப் பள்ளி விடுமுறை. “நீ கூட வா. சிக்கலுக்குப் போயிட்டு வந்துருவோம்” என்றாள். அவள் உம்மாவுக்கு இதில் இஷ்டமில்லை. முன்பின் தெரியாத ஊருக்கு எதற்கு என்றார். நானும் போகிறேன் என்றதும் விட்டுவிட்டார்.

ஏர்வாடி தாண்டியதும் பஸ்ஸின் இரண்டு பக்கமும் சீமைக்கருவேல மரங்கள். நடுநடுவே திடீரென்று தரை சிவப்பாக இருக்கும், மிளகாய் காய்ந்துகொண்டிருக்கும். சிக்கலில் இறங்கிப் பெயரைச் சொன்னதும் டீக்கடையில் வழி காட்டினார்கள். கறுப்பு ஃபர்தா போட்ட இரண்டு பெண்கள் வாசலில் நிற்பதைப் பார்த்து அவர் மனைவி முருகலட்சுமி முதலில் திகைத்துவிட்டார். கீழக்கரை என்றதும் முகம் மலர்ந்து, உள்ளே உட்காரவைத்து மோர் கொடுத்தார். லேப்டாப்பைத் துண்டில் சுற்றிக் குதிர் மேலே வைத்துவிட்டாராம் மனுஷன். சரியாகச் சாப்பிடுவதும் இல்லையாம். “கூப்பிட்டாலும் திரும்ப மாட்டாரு தாயி. அம்புட்டுப் பிடிவாதம்” என்று அவர் குறைப்பட்டுக்கொண்டார். காட்டுக்கு ஆள் விட்டுக் கூட்டிவரச் செய்தார்.

சோணைமுத்து வந்து எங்களைப் பார்த்ததும் வாசற்படியிலேயே நின்றுவிட்டார். மச்சி தன் லேப்டாப்பைக் கையோடு கொண்டுவந்திருந்தாள். அதைத் திறந்து, எழுத்தை நன்றாகப் பெரிதாக்கி, தட்டச்சு செய்து அவர் பக்கம் திருப்பினாள். ‘நீங்கள் ஒன்றையும் கெடுக்கவில்லை. கரண்ட் போனது. அதை எழுதாமல் விட்டது என் தப்பு.’ அவர் கிட்டே வந்து உட்கார்ந்து அதைப் படித்தார். மறுபடி ஒரு தரம் படித்தார்.

அன்றைக்கு அவர்கள் பேசிய பேச்சு முழுதும் அப்படித்தான் நடந்தது. இவள் எழுதித் திருப்புவாள், அவர் படித்துவிட்டு வாயால் பதில் சொல்வார். முருகலட்சுமி அடுப்படிக்குப் போன நேரம் பார்த்து மச்சி ஒன்று எழுதினாள். ‘படம் பார்க்க மட்டும்தானா, அண்ணே?’

அவர் அடுப்படிப் பக்கம் ஒரு தரம் பார்த்துக்கொண்டார். பிறகு குரலைத் தாழ்த்தினார். தாழ்த்தியதாக அவர் நினைத்தார். அடுப்படியில் பாத்திரச் சத்தம் இல்லையென்றால் முருகலட்சுமிக்கும் கேட்டிருக்கும்.

“புள்ள வாரா வாரம் போன் பண்ணுது. என்ன சொல்லுதுன்னே விளங்கல. ம், சரின்னுட்டு இவகிட்டக் குடுத்துர்றேன். நான் எழுதுனா அதும் எழுதும்ல? எழுத்துல வந்தா நான் படிச்சுக்கிருவேன். காது போனதச் சொல்ல வேண்டியதில்ல.”

‘சொல்லிவிடலாமே’ என்று மச்சி எழுதினாள்.

அவர் தலையை ஆட்டினார். “வேலைய விட்டுட்டு இங்கன வந்து உக்காந்துக்கிரும். அது போராடி வாங்குன வேலை. நான்தான் மொதல்ல போவேணாம்னேன்.”

மச்சி தான் எழுதியதை அழித்துவிட்டாள்.

வேலையை ஆரம்பிக்கலாம் என்றால் அன்றைக்கு ஊரில் பராமரிப்புக்காக மின்நிறுத்தம், சாயங்காலம்தான் வரும் என்றார்கள். முருகலட்சுமிதான் வழி சொன்னார். தெருமுனையில் பூமிநாதனின் மிளகாய்க் கமிஷன் கடை. எடை மிஷினுக்காக அவர் இன்வெர்ட்டர் வைத்திருக்கிறார். நாங்கள் மூவரும் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு அங்கே போனோம், முருகலட்சுமி பின்னாலேயே வந்தார்.

கடை முழுதும் மிளகாய் மூட்டை. உள்ளே நுழைந்ததுமே மச்சிக்குத் தும்மல் பிடித்துக்கொண்டது. பூமிநாதன் மேஜையைக் கொடுத்தார், அதில் பிளக் எட்டவில்லை. கடைசியில் இரண்டு மூட்டைகளை இழுத்துப்போட்டு அதன் மேலே லேப்டாப்பை வைத்தோம். மச்சி தும்முவாள், கண்ணைத் துடைப்பாள், மறுபடி எழுதி அவருக்குக் காட்டுவாள். ஒரு இடத்திலும் அவள் கையை வைக்கவில்லை. பட்டனை அவரே தேடி அமுக்க வேண்டும், பேனா முனையால் இடத்தை மட்டும் காட்டுவாள். நேரமாகிறதே என்று எனக்குக் கைகள் பரபரத்தன. மூட்டை தைக்க வந்தவர்கள் சுற்றிலும் நின்று வேடிக்கை பார்த்தார்கள். ஆதார் எடுக்கிறார்களா என்று ஒருவர் கேட்டார்.

எல்லாவற்றையும் அழிக்கவா என்ற கேள்வி மறுபடி வந்தது. இந்தத் தடவை அவர் நிமிர்ந்து யாரையும் பார்க்காமல் அமுக்கினார். பட்டை நகர்ந்தது. இன்வெர்ட்டர் நடுவில் ஒரு தரம் கீச்சென்று சத்தம் போட்டது. பூமிநாதன் எழுந்து போய்க் கடையின் விளக்கையும் தன் தலைக்கு மேலிருந்த ஃபேனையும் அணைத்துவிட்டு வந்து, வியர்க்க வியர்க்க உட்கார்ந்தார். சோணைமுத்து இரண்டு கைகளையும் முழங்கால்மேல் ஊன்றி, கண்மாயில் தண்ணீர் ஏறுவதைப் பார்ப்பதுபோல அந்தப் பட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

முடிந்தது. பென்டிரைவை உருவிவிட்டு, அணைத்து மறுபடி போட்டதும் லேப்டாப் தானாக எழுந்தது. தமிழில் நல்வரவு என்று காட்டியது. அதை அவர் வாய்விட்டுப் படித்தார்.

மச்சி அவர் போனிலிருந்து லேப்டாப்புக்கு நெட் எடுக்கக் காட்டி, ஒரு மெயில் முகவரி உண்டாக்கி, தமிழ் விசைப்பலகையைச் சொல்லிக்கொடுத்தாள். உயிரெழுத்துகள் இடப்பக்கம், மெய் எல்லாம் வலப்பக்கம். பெரிய பட்டன்கள் அவர் விரலுக்குப் பொருந்தின. முதலில் மகள் பெயரைத்தான் அடித்தார். ‘கவி’ சுலபமாக வந்துவிட்டது. அடுத்த எழுத்துக்குப் புள்ளி வைக்கத் தெரியாமல் நின்றார். ‘கவிபரியா’ என்று வந்தது. “இது யாரு பேரோ” என்று சொல்லி அவரே அழித்தார். மச்சி புள்ளி இருக்கும் பட்டனைக் காட்டினாள். பெயர் சரியாக வந்ததும் முருகலட்சுமி குனிந்து பார்த்துவிட்டு, “ஏத்தா, இவரு எழுதிட்டாரே” என்று என் கையைப் பிடித்துக்கொண்டார்.

நாங்கள் கடைசி பஸ்ஸைப் பிடித்து ஊர் வந்து சேர்ந்தோம். மச்சியின் மூக்கு இரண்டு நாள் சிவந்தே இருந்தது.

சோணைமுத்து மகளுக்கு எழுத ஆரம்பித்தார். முதல் கடிதத்தை யாரோ எழுதிக்கொடுத்திருக்கிறார்கள் என்றே கவிப்ரியா நினைத்தாளாம். அம்மாவிடம் போனில் துருவித் துருவிக் கேட்டிருக்கிறாள். அவள் அறிந்த அய்யா ஐந்தாறு சொற்களில் பேச்சை முடிக்கிறவர். எழுதுகிற அய்யாவோ, காட்டில் மயில் புகுந்ததையும், வெள்ளாடு இரட்டைக்குட்டி போட்டதையும், அம்மா குழம்பில் புளியை அள்ளிப்போட்டதையும் ஒன்று விடாமல் எழுதினார். அவளும் பதில் எழுதினாள். ஆபீஸில் என்ன வேலை, பஸ்ஸில் யாரோடு சண்டை, அறையில் கூட இருக்கும் பெண் என்ன சமைத்தாள் எல்லாம் எழுதினாள். மச்சிக்கும் அவ்வப்போது மெயில் வரும். ஏதோ புதுப்பிக்கவா என்று கேட்கிறது, சரி சொல்லலாமா? எழுத்து சிறுத்துவிட்டது, என்ன செய்ய? மச்சி ஒவ்வொன்றுக்கும் பதில் போடுவாள். காதைப் பற்றி மட்டும் எழுத மாட்டாள். ஒரு நாள் நான் கேட்டதற்கு, “அந்தப் புள்ள நம்பர் எனக்குத் தெரியும், மாஷிதா. எடுத்துப் பேச எம்புட்டு நேரம் ஆகப்போவுது? ஆனா அவரு நம்மள நம்பிச் சொன்னது” என்றாள். அது அவளை உறுத்திக்கொண்டே இருந்தது என்பது எனக்குத் தெரியும்.

கடிதங்கள் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தன. ஆனால் இவ்வளவு எழுதுகிறவர் போனுக்கு மட்டும் வருவதே இல்லை என்பது கவிப்ரியாவுக்குப் புரியவில்லை. ஆடி மாதத்தில் ஒரு சனிக்கிழமை சொல்லாமல் கொள்ளாமல் கிளம்பி ஊருக்கு வந்துவிட்டாள்.

நடுப்பகல். அம்மா ரேஷன் கடைக்குப் போயிருந்தார். வீட்டுக்குள் அய்யா கதவுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து தட்டச்சு செய்துகொண்டிருந்தார். அவள் “அய்யா” என்று கூப்பிட்டாள். அவர் திரும்பவில்லை. உள்ளே வந்து மறுபடி கூப்பிட்டாள். பையைச் சத்தத்தோடு கீழே வைத்தாள். அவர் ஒரு எழுத்தைத் தேடிக்கொண்டிருந்தார். அவள் அவர் முதுகுக்குப் பின்னால் போய் நின்று திரையைப் பார்த்தாள். அவளுக்குத்தான் எழுதிக்கொண்டிருந்தார்.

அங்கே எவ்வளவு நேரம் நின்றாள் என்று அவளுக்கே தெரியவில்லை. தோளைத் தொட்டால் பதறிவிடுவார் என்று நினைத்தாளாம். பக்கத்தில் குனிந்து, கையை நீட்டி, அவர் எழுதிய வரிக்குக் கீழே ‘அய்யா, நான் வந்துட்டேன்’ என்று அடித்தாள்.

அவர் முதலில் எழுத்தைப் படித்தார். பிறகுதான் அந்தக் கையைப் பார்த்தார்.

இதையெல்லாம் கவிப்ரியா எங்களிடம் நேரில் சொன்னது. திங்கட்கிழமை அவரை மதுரைக்குக் கூட்டிப்போய்க் காது மருத்துவரிடம் காட்டிவிட்டு, ஓசூருக்குத் திரும்புவதற்கு முன் கீழக்கரைக்கு வந்தாள். வந்தவள் உட்காரவில்லை.

“நீங்கதான காலிதா அக்கா? உங்களுக்கு அப்பவே தெரியும்ல. ஒரு வார்த்த எங்கிட்டச் சொல்லத் தோணலையா?” என்று கேட்டாள்.

மச்சியும் எழுந்து நின்றாள். “தோணுச்சும்மா, தினமும் தோணுச்சு” என்றாள். “அது அவங்க வாயால வர வேண்டியதுன்னு இருந்துட்டேன். நான் செஞ்சது சரியா தப்பான்னு எனக்கு இப்பவும் தெரியல.”

கவிப்ரியா அதன் பிறகுதான் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். வேலைக்குப் போகக் கூடாது என்று தடுத்த கோபம் அய்யாவுக்கு இன்னும் தீரவில்லை, அதனால்தான் போனில் முகம் கொடுத்துப் பேசுவதில்லை என்று இத்தனை நாளும் அவள் நினைத்துக்கொண்டிருந்தாளாம். மச்சி போனை எடுத்து, மாசி மாதத்திலிருந்து அவர் அனுப்பிய பதிவுகளை ஒவ்வொன்றாக ஓடவிட்டாள். அம்பு மேற்கே ஓடிப்போன கதை வந்தபோது கவிப்ரியா சிரித்துவிட்டாள். விளையாட்டு விழாப் படத்தைப் பற்றி அவர் பேசிய பதிவைக் கேட்டுவிட்டு, அதைத் தனக்கு அனுப்பச் சொன்னாள். மச்சியின் உம்மா அவளைச் சாப்பிடாமல் போக விடவில்லை. பாரை மீன் குழம்பும் சோறும் சாப்பிட்டுவிட்டு, சாயங்கால பஸ்ஸில் ராமநாதபுரம் போனாள். வேலையை அவள் விடவில்லை.

மதுரையில் சோணைமுத்துவுக்குக் காதுக் கருவி மாட்டிவிட்டார்கள். ஒரு காதில் ஓரளவு கேட்கிறது. காட்டில் காற்றடித்தால் அது விசில் அடிக்கிறது என்று கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்கிறார். மகள் இப்போது போனில் பேசுகிறாள், அவரும் பேசுகிறார். ஆனாலும் மனம்விட்டுச் சொல்ல வேண்டியதையெல்லாம் எழுத்தில்தான் சொல்கிறாராம். போன வாரம் மச்சிக்கு அவரிடமிருந்து ஒரு நீண்ட மெயில் வந்தது. எழுத்துருவை மாற்றுவது எப்படி என்று ஒரு கேள்வி, மிளகாய் நாற்றுப் பாவியிருக்கிறார் என்று ஒரு செய்தி, மழை எப்போது இறங்கும் என்று அவருடைய கணிப்பு. மச்சி நாற்றைப் பற்றி விசாரித்து முதலில் எழுதினாள். எழுத்துருவுக்கு அதற்குப் பிறகு வந்தாள்.